பிறப்புச் சான்றிதழுக்கு அலைகிறவர்கள் முதலில் தேட வேண்டியது பதிவேட்டை

பாஸ்போர்ட், விசா, ஆதாரில் பிறந்த தேதி திருத்தம் என்று ஏதாவது ஒன்று வந்து கழுத்தைப் பிடிக்கும்போதுதான் தமிழ்நாட்டில் பலரும் பழைய பிறப்புச் சான்றிதழைத் தேடி ஓடுகிறார்கள். ஒரு ஆபீஸில் "இங்கே இல்லை" என்பார்கள். இன்னொன்றில் "கம்ப்யூட்டரில் காட்டலை" என்பார்கள். வாசலில் நிற்கும் புரோக்கர் "காசைக் குடுங்க, முடிச்சுத் தர்றேன்" என்பார். இந்த அலைச்சலில் பெரும்பகுதி தேவையே இல்லாதது என்பது என் கருத்து. நாம் போய்ச் சான்றிதழைக் கேட்கிறோம், அவர்களிடம் இருப்பதோ பதிவேடு. அந்தப் பதிவேட்டில் நம் பிறப்பு எழுதப்பட்ட பதிவுக்குச் சான்றளித்துத் தரும் நகல்தான் சான்றிதழ். எந்த ஊர், எந்த ஆண்டு, இப்போது எந்த அலுவலகத்தில் அந்தப் பதிவேடு இருக்கிறது என்ற மூன்றுக்கும் விடை தெரிந்து போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் ஊர். பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். பெற்றோர் எங்கே குடியிருந்தார்கள், ரேஷன் கார்டு எந்த ஊரில் இருந்தது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நம் பக்கம் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். அப்பா வேலை பார்த்தது திருச்சி, குழந்தை பிறந்தது அம்மாவின் ஊரான காரைக்குடி ஆஸ்பத்திரி என்றால் பதிவு காரைக்குடி மாநகராட்சியில்தான் இருக்கும். திருச்சியில் எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே "நான் பிறந்தது வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா, எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி பெயர் தெரிந்தால் அது எந்த உள்ளாட்சியின் எல்லையில் இருந்தது என்று கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்தது அலுவலகம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்றால் அந்தந்த அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவில் கேட்க வேண்டும். சென்னை போன்ற பெரிய ஊர்களில் ஆஸ்பத்திரி இருந்த பகுதியின் மண்டல அலுவலகம். கிராமம் என்றால்தான் குழப்பம். ஊராட்சிப் பகுதிகளில் வி.ஏ.ஓ.தான் (கிராம நிர்வாக அலுவலர்) பிறப்பு இறப்புப் பதிவாளர். ஆனால் பழைய பதிவேடு அவரிடம் இருக்காது. ஒரு காலண்டர் ஆண்டின் பதிவேட்டை அந்த ஆண்டு முடிந்து 12 மாதம் வரைதான் பதிவாளர் வைத்திருப்பார், பிறகு பாதுகாப்புக்கு அனுப்பிவிட வேண்டும். தமிழ்நாட்டில் கிராமப் பதிவேடுகள் தாலுகா ஆபீஸ் வழியாகப் போய்ச் சேரும் இடம் சார்பதிவாளர் அலுவலகம். ஆமாம், பத்திரம் பதிகிற அதே ரிஜிஸ்டர் ஆபீஸ்தான். 1985-ல் கிராமத்தில் பிறந்தவர் வி.ஏ.ஓ. வீட்டு வாசலில் காத்துக் கிடப்பதில் பயனில்லை. அந்தக் கிராமம் எந்தச் சார்பதிவாளர் எல்லைக்குள் வருகிறது என்று பார்த்து நேரே அங்கே மனு கொடுக்க வேண்டும்.

எல்லை மாறிய ஊர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. 2011-ல் அம்பத்தூர், திருவொற்றியூர் போன்ற நகராட்சிகள் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. பல்லாவரம், பம்மல் எல்லாம் 2021-ல் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்தன. அப்படிச் சேர்ந்த நகராட்சியின் பதிவுகளுக்கு இன்றைய மாநகராட்சியின் மண்டல அலுவலகத்தில் தொடங்க வேண்டும். ஆனால் நீங்கள் பிறந்தபோது அந்த இடம் வெறும் ஊராட்சியாக இருந்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தையும் பார்க்காமல் விடாதீர்கள். இன்றைக்கு அந்த இடம் எதன் கீழ் இருக்கிறது என்பதைவிட, பிறந்த ஆண்டில் எதன் கீழ் இருந்தது என்பதுதான் முக்கியம்.

இனி ஆண்டும் தேதியும். அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். பதிவேடு எழுதப்படுவது பதிவு செய்த தேதி வரிசையில், பிறந்த தேதி வரிசையில் இல்லை. பிறப்பைத் தெரிவிக்க 21 நாள் அவகாசம் உண்டு. பதிவு எண்ணும் ஒவ்வொரு ஜனவரியிலும் 1-லிருந்து மறுபடி தொடங்கும். எனவே 1983 டிசம்பர் 28-ல் பிறந்த குழந்தை 1984-ம் ஆண்டுப் பதிவேட்டில் இருக்கலாம். 1983-ஐ மட்டும் புரட்டிவிட்டு "இல்லை" என்று சொன்னால் அது முழுத் தேடல் ஆகாது. நவம்பர், டிசம்பரில் பிறந்தவர்கள் மனுவிலேயே இரண்டு ஆண்டையும் எழுதிக் கேளுங்கள்.

ஜாதகத்தை வைத்துத் தேடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நம் வழக்கில் நாள் தொடங்குவது சூரிய உதயத்தில். விடியற்காலை 2 மணிக்குப் பிறந்த குழந்தைக்கு ஜாதகத்தில் முந்தின நாளின் தமிழ்த் தேதியும் கிழமையும் எழுதியிருப்பார்கள். ஆஸ்பத்திரி கணக்கில் நள்ளிரவு 12 தாண்டினால் அடுத்த தேதி. அந்தத் தமிழ்த் தேதியை அப்படியே ஆங்கிலத் தேதியாக மாற்றிக்கொண்டு போனால் ஒரு நாள் தள்ளிப் போகும். பள்ளிக்கூடத் தேதியோ அதைவிட மோசம். சேர்க்கைக்கு ஐந்து வயது நிரம்ப வேண்டும் என்பதற்காக மே, ஜூனில் ஒரு தேதியை வாத்தியாரே போட்டுக்கொடுத்த தலைமுறை நம்முடையது. டி.சி.யில் உள்ள தேதியை மட்டும் நம்பித் தேடினால் உண்மைப் பதிவு பக்கத்திலேயே இருந்தும் கண்ணில் படாது.

பழைய பதிவுகளில் இன்னொன்று: குழந்தையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. கையால் எழுதிய அந்தப் பக்கத்தில் பதிவு எண், பிறந்த தேதி, "ஆண்" அல்லது "பெண்", அப்பா பெயர், அம்மா பெயர், முகவரி, பிறந்த இடம் எல்லாம் இருக்கும். பெயருக்கான கட்டம் மட்டும் காலியாகக் கிடக்கும். குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பிறப்பைப் பதிந்துவிடுவதுதான் காரணம். எனவே மனுவில் உங்கள் பெயரைவிட அப்பா, அம்மா பெயர்கள் முக்கியம். அதுவும் அந்தக் காலத்தில் எப்படிச் சொல்லியிருப்பார்களோ அப்படி. ஆதாரில் "முத்துக்கருப்பன்" என்று இருப்பவர் அன்று "கருப்பன்" என்றே சொல்லியிருக்கலாம். அம்மாவுக்கு வீட்டுப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். எத்தனையாவது பிரசவம், அன்றைய முகவரி ஆகியவற்றையும் சேர்த்தால் தேடுகிறவருக்குப் பிடி கிடைக்கும்.

பதிவு எண்ணும் பதிவு தேதியும் தெரிந்தால் தேடலே தேவையில்லை. பழைய டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை, அண்ணன் அக்காவின் பிறப்புச் சான்றிதழ் எதையும் தூக்கிப் போடாதீர்கள். உடன்பிறந்தவரின் சான்றிதழில் இருக்கும் பெற்றோர் பெயரின் எழுத்து, முகவரி, ஆஸ்பத்திரி ஆகியவை உங்கள் பதிவுக்கும் பொருந்த வாய்ப்பு அதிகம்.

கட்டணம் பற்றி ஏகப்பட்ட புரளி உலவுகிறது. 2017-ல் உயர்த்திய கட்டணப்படி, தேடலுக்கு முதல் ஆண்டுக்கு ரூ.100, கூடுதலாகத் தேடும் ஒவ்வொரு ஆண்டுக்கும் ரூ.100, ஒரு நகலுக்கு ரூ.200. மூன்று ஆண்டு தேடி ஒரு நகல் வாங்கினால் ரூ.500. இதற்கு ஆயிரக்கணக்கில் கேட்டால் அது கட்டணம் இல்லை. கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள், மனுவுக்கு ஒப்புகைச் சீட்டும் கேளுங்கள். முடிந்தால் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று நகல் வாங்கிவிடுங்கள்.

2018 ஜனவரிக்குப் பிறகு பதிவான பிறப்பு என்றால் மாநிலத்தின் பிறப்பு இறப்புப் பதிவு இணையதளத்திலேயே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். கியூ.ஆர். கோடு இருக்கும், தனியாகப் பேனாக் கையெழுத்து வேண்டியதில்லை. சென்னை மாநகராட்சி தன் தளத்தில் அதற்கு முந்தைய பதிவுகளையும் வைத்திருக்கிறது. ஆனால் தளத்தில் தேடிக் கிடைக்காததால் பதிவே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கையெழுத்துப் பதிவேட்டிலிருந்து தட்டச்சு செய்தபோது தேதியோ ஆண் பெண்ணோ தப்பாக ஏறியிருக்கலாம், அல்லது ஏற்றாமலே விட்டுப்போயிருக்கலாம். அப்போது மூலப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லி எழுத்தில் கேட்க வேண்டும்.

நகல் கையில் வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். பதிவேட்டில் சரியாக இருந்து நகலில் மட்டும் தப்பு என்றால் உடனே மாற்றித் தருவார்கள். பதிவேட்டிலேயே தப்பு என்றால் அது வேறு வழி. 1969-ம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ம் பிரிவின்படி பதிவாளர் திருத்தலாம். ஆனால் பழைய எழுத்தை அடிக்காமல், ஓரத்தில் குறிப்பு எழுதி, தேதியோடு கையொப்பமிட்டுத்தான் செய்ய வேண்டும். சாதாரண எழுத்துப் பிழைக்கு ஆவணம் காட்டினால் போதும். விவரமே தப்பு என்றால் உண்மை தெரிந்த, நம்பகமான இரண்டு பேரின் உறுதிமொழியும் வேண்டும். ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன்: சான்றிதழை ஸ்கேன் செய்து எழுத்தை மாற்றித் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். சரிபார்க்கிறவர்கள் பதிவேட்டைத்தான் பார்ப்பார்கள், மாட்டுவது நீங்கள்.

பெயர் சேர்ப்பது தனி வேலை. பதிவான நாளிலிருந்து 12 மாதம் வரை இலவசம், அதற்குப் பின் 15 ஆண்டு வரை ரூ.200 கட்டிச் சேர்க்கலாம். 2000-க்கு முன் பதிவானவர்களுக்கு அரசு அவகாசத்தை நீட்டித்துக்கொண்டே வந்திருக்கிறது. அப்படி ஒரு நீட்டிப்பு 31.12.2024 வரை இருந்தது, எனவே மனு போடும் முன் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் இந்த 15 ஆண்டு வரம்பையே எடுத்துவிட வேண்டும். பள்ளிச் சான்று, பெற்றோரின் ஆவணங்கள் எல்லாம் நாற்பது வயதிலும் இருக்கத்தானே செய்கின்றன? பெயர் இல்லாத சான்றிதழை வைத்துக்கொண்டு அது தன்னுடையதுதான் என்று ஒருவர் எதைக் காட்டி நிரூபிப்பார்? பெயர் சேர்க்கும்போது இனிஷியல் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். பள்ளி, ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் எந்த எழுத்துக்கூட்டலோ அதையே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுங்கள். ஒருமுறை ஏறிய பெயரை மாற்றுவது பெரும்பாடு.

முழுக்கத் தேடியும் பதிவு இல்லை என்றால்? 1980 வரை கிராமங்களில் மணியக்காரர் என்ற கிராம அதிகாரிதான் பிறப்பை எழுதினார், அந்தப் பதவிகள் ஒழிந்த பிறகே வி.ஏ.ஓ. வந்தார். வீட்டில் மருத்துவச்சி பார்த்த எத்தனையோ பிரசவங்கள் எவர் கணக்கிலும் ஏறவில்லை. அப்போது வாய்வார்த்தையாக "இல்லை" என்பதை ஏற்றுக்கொண்டு திரும்பாதீர்கள். பதிவு இல்லை என்பதற்கே 10-ம் எண் படிவத்தில் சான்று உண்டு. எந்தெந்த ஆண்டு தேடினார்கள் என்பது அதில் சரியாக இருக்கிறதா பாருங்கள். தாமதப் பதிவுக்கு அதுதான் முதல் காகிதம். அதோடு பள்ளிச் சான்று, பெற்றோர் ஆவணங்கள், உறுதிமொழி எல்லாம் சேர்த்து ஆர்.டி.ஓ.வுக்கு (வருவாய்க் கோட்டாட்சியர்) மனு செய்ய வேண்டும். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் விசாரணை முடிந்து உத்தரவு வந்தபின், ரூ.500 தாமதக் கட்டணத்தோடு பதிவாளர் பதிவு செய்வார். மாதக்கணக்கில் இழுக்கும். விசா நேர்காணலுக்குத் தேதி வந்த பிறகு தொடங்கினால் நேரத்துக்கு முடியாது.

2023 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த சட்டத் திருத்தத்தால் இது இன்னும் அவசரமாகிவிட்டது. அந்தத் தேதியிலோ அதன்பின்னோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். பாஸ்போர்ட்டுக்கும் 2025 முதல் அப்படியே. பதிவு முடிந்த 7 நாளுக்குள் இலவசமாகச் சான்றிதழ் தர வேண்டும் என்றும் அந்தத் திருத்தம் சொல்கிறது. கைக்குழந்தை இருக்கும் வீட்டார் முதல் பிறந்த நாளுக்குள் பெயரைச் சேர்த்து, எழுத்துக்கூட்டலைச் சரிபார்த்து முடித்துவிடுங்கள்.

சான்றிதழ் வெளிநாட்டில் செல்லுபடியாக அப்போஸ்டில் என்ற முத்திரை வேண்டும் என்றால் மாநில அரசின் சான்றொப்பம் முதலில், வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை அதற்குப் பிறகு. அதற்குக் கொடுக்கும் நகலைத் தயவுசெய்து லேமினேஷன் செய்யாதீர்கள், முத்திரை வைக்க முடியாது என்று திருப்பி அனுப்புவார்கள்.

பதிவாளர் காரணம் சொல்லாமல் மறுத்தாலோ, திருத்த மனுவைத் தள்ளினாலோ, அதே 2023 திருத்தத்தில் மேல்முறையீடு உண்டு. பதிவாளரின் நடவடிக்கைக்கு எதிராக 30 நாளுக்குள் பிறப்பு இறப்புப் பதிவுக்கான மாவட்டப் பதிவாளரிடம் போகலாம், அவர் 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதற்கு எழுத்தில் மறுப்பு வேண்டும். அதனால்தான் மனு, ஒப்புகைச் சீட்டு, ரசீது மூன்றையும் ஒரே உறையில் போட்டு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.