ஒரே எலி, இரண்டு சிறுநீரகங்கள்

சர்க்கரை உள்ள எலிகளுக்கு ரத்த அழுத்தமும் ஏறினால் சிறுநீரகம் விரைவாகக் கெடுகிறது என்று ஒரு கட்டுரை சொல்கிறது. "எலிக்கு வந்தால் நமக்கென்ன?" என்று அதைப் படித்த ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவருக்காகவே எழுதுகிறேன்.

1978-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளின் ஒரு பக்கச் சிறுநீரகத் தமனியில் மட்டும் சிறு கிளிப்பை மாட்டி இறுக்கினார்கள். உடம்பில் அழுத்தம் ஏறியது. அந்த அழுத்தத்தை நேராக வாங்கிய மறுபக்கச் சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் சேதம் கூடியது. கிளிப்பின் மறைவில் இருந்ததில் குறைந்தது. இரண்டுக்கும் ஓடியது ஒரே ரத்தம், அதே சர்க்கரை! பிறகு 1980-களில், எனாலாப்ரில் என்ற ரத்த அழுத்த மருந்தைக் கொடுத்த சர்க்கரை எலிகளில், சர்க்கரை இறங்காமலே சிறுநீரில் புரதம் ஒழுகுவது அடங்கியது. 1993-இல் அதே வகை மருந்தான கேப்டோப்ரில், முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்தையும் காத்தது.

காரைக்குடியில் எங்கள் அப்பத்தா சர்க்கரை மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. பிரஷர் மாத்திரையை மட்டும், "தலை சுற்றவில்லையே, எதற்கு?" என்று அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒதுக்கிவிடுவார்கள். மாவடுவும் உப்புக்கண்டமும் இல்லாமல் சோறு இறங்காது. சிறுநீர் சோப்புத் தண்ணீர்போல் நுரைக்கிறது என்று ஒருநாள் சொன்னார்கள். அது புரதம் ஒழுகுவதன் அறிகுறியாக இருக்கலாம் என்று எங்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை. இப்போது வாரம் இரண்டு முறை டயாலிசிஸ்.

எங்கள் பக்கம் கல்யாண வீட்டில் பார்த்தாலும் "சர்க்கரை எவ்வளவு?" என்றுதான் விசாரிக்கிறோம். அழுத்தத்தையும் கேளுங்கள், ஐயா. ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் ஒழுகுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சிறு குப்பி சிறுநீர் போதும்.