வரிசையைக் கலைக்காதீங்கய்யா!

ஒரு ஆல்பத்தைத் தொட்டால் அது முதல் பாட்டில் தொடங்கி, இரண்டாவது, மூன்றாவது என்று போய், கடைசிப் பாட்டில் முடிந்து, அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். என் கோரிக்கை இவ்வளவுதான். இதற்கு செயற்கை நுண்ணறிவு வேண்டாம், என் ரசனையை ஆராய்ச்சி செய்ய ஆள் வேண்டாம், ஒன்றுக்குப் பிறகு இரண்டு வரும் என்று தெரிந்தால் போதும். என் போனில் இருக்கிற பாட்டு செயலிக்கு அது மட்டும்தான் தெரியாது. என் வயது தெரியும், ஊர் தெரியும், ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் என்ன மனநிலையில் இருப்பேன் என்றுகூட அதுவே முடிவு செய்து ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கும். ஆல்பத்தைத் திறந்தால் நடுநாயகமாக ஷஃபிள் என்று பெரிய பட்டன் ஒன்று. அமுக்கினால் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போடும். யாரய்யா கேட்டது இதை?

பிங்க் ஃபிளாய்ட் என்ற இங்கிலாந்து ராக் பேண்டின் 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்' 1973 மார்ச்சில் வந்தது. அது இதயத்துடிப்பில் தொடங்கும். காதைக் கொடுத்துக் கேட்டால்தான் கேட்கும், அவ்வளவு மெல்ல. அப்புறம் கடிகார டிக் டிக், கல்லாப்பெட்டிச் சத்தம், யாரோ சிரிப்பது, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ஒரு பெண் அலறல் உச்சத்துக்குப் போகிற அந்தக் கணத்தில் அடுத்த பாட்டு அப்படியே அகலமாகத் திறக்கும். அந்தத் திறப்புக்காகத்தான் அந்த ஒன்றேகால் நிமிடமும். முதல் பாட்டும் இரண்டாவது பாட்டும் வேறு வேறு என்று சொல்வதே அபத்தம். நம் செயலி என்ன செய்கிறது? அலறல் உச்சத்துக்கு வந்ததும் ஆறாவது பாட்டைப் போடுகிறது. சினிமாவில் கிளைமாக்ஸைத் தூக்கி இடைவேளைக்கு முன்னால் போட்டால் தியேட்டரில் சீட்டைக் கிழிப்பார்கள் அல்லவா? பாட்டுக்கு மட்டும் ஏன் ஒருத்தரும் எதையும் கிழிப்பதில்லை?

சந்தா கட்டாத காலத்தில் இதைவிட மோசம். இதே ஆல்பத்தில் 'டைம்' என்று ஒரு பாட்டு. அதன் தொடக்கத்தில் அலறுகிற கடிகாரங்களை எல்லாம் ஆலன் பார்சன்ஸ் என்ற ஒலிப்பொறியாளர் ஒரு பழைய கடிகாரக் கடைக்குப் போய் ஒவ்வொன்றாகப் பதிவு செய்து வைத்திருந்தார். இந்த ஆல்பத்துக்காகக்கூட இல்லை, நாலு ஸ்பீக்கர் ஒலிமுறையைச் செய்து காட்டுவதற்காக. நாளைக்குப் பார்க்கலாம் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்தவன் ஒரு நாள் திரும்பிப் பார்த்தால் பத்து வருஷம் போயிருக்கும் என்கிற பாட்டு அது. வரிகளை எழுதிய ரோஜர் வாட்டர்ஸுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. நான் கல்லூரியில் கேட்டபோது கிட்டார் நன்றாக இருக்கிறது என்று கேட்டேன், இப்போது கேட்டால் வயிற்றைப் பிசைகிறது. அது முடிந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, பேண்டில் கீபோர்டு வாசிக்கிற ரிச்சர்ட் ரைட்டின் பியானோ மெதுவாக வர வேண்டிய இடம். வந்தது என்ன தெரியுமா? 'ஐந்தே நிமிடத்தில் லோன்!' என்று காதைக் கிழிக்கிற ஒரு குரல். அந்தப் பியானோவுக்குப் பிறகு வருவது கிளேர் டோரி என்ற பாடகி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோவுக்கு வரச் சொல்லி, 30 பவுண்டு கூலி கொடுத்து, வார்த்தையே இல்லாமல் பாடு என்றார்கள். அந்த அம்மாள் சாவைப் பாடிவிட்டுப் போனார். பாட்டில் தனக்கும் பங்கு உண்டு என்று 2004-ல் வழக்குப் போட்டு, மறு வருஷம் சமரசமாகி, அதற்குப் பிறகுதான் இசையமைப்பில் பெயர் வந்தது. முப்பது வருஷம் காத்திருந்த அந்தக் குரலுக்கு முன்னால் லோன் விளம்பரம்.

சரி, காசு கட்டித் தொலைப்போம் என்று கட்டினேன். விளம்பரம் போனது, மற்ற வியாதி எல்லாம் அப்படியே இருக்கிறது.

எங்கள் தலைமுறை இதை எப்படிக் கேட்டது என்று கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், இல்லாவிட்டால் இவன் ஏன் இப்படிக் குதிக்கிறான் என்று தோன்றும். திருச்சியில் ஹாஸ்டல். பாட்டுப் பதிவு செய்து தரும் கடையில் 90 நிமிடக் காலி கேசட் ஒன்றைக் கொடுத்தால், ஒரு பக்கம் 45 நிமிடம். 'டார்க் சைட்' சுமார் 43 நிமிடம். அதே பேண்டின் 'விஷ் யூ வேர் ஹியர்' 44. ஒரு பக்கத்துக்கு ஒன்று, அளவெடுத்துத் தைத்த மாதிரி. அந்த ஒரு கேசட்தான் என் படிப்பு, வேலை தேடிய காலம், எல்லாம். அடுத்த பாட்டுக்குத் தாவ வேண்டும் என்றால் ஃபார்வர்டு பட்டனை அழுத்திக்கொண்டு குத்துமதிப்பாக நிறுத்த வேண்டும், பேட்டரி தீரும், டேப் சிக்கும். அதனால் தாவுவதில்லை. பிடிக்காத பாட்டையும் கேட்டாக வேண்டும். கேட்டுக் கேட்டு அதுதான் பிடித்துப்போகும். (நம் சினிமா கேசட்டில் ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் இன்னொரு படம், வரிசை என்பது கம்பெனிக்காரர் வைத்ததுதான் வரிசை. அதில் கலைத்துக் கேட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டு வந்து உட்கார வைப்பதுதான் கோளாறு.)

'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தில் ஒரு இடம் உண்டு. 'ஹாவ் எ சிகார்' பாட்டு முழுச் சத்தத்தோடு போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று சர்ரென்று சுருங்கி ஒரு சின்ன ரேடியோ பெட்டிக்குள் போய்விடும். யாரோ ஸ்டேஷனைத் திருப்புவார்கள், பேச்சு, ரஷ்ய இசையமைப்பாளர் சாய்காவ்ஸ்கியின் நான்காவது சிம்பொனியிலிருந்து ஒரு துணுக்கு, அப்புறம் எங்கோ தூரத்தில் கரகரவென்று ஒரு பன்னிரண்டு தந்திக் கிட்டார். இப்போதுதான் முக்கியம். அந்த ரேடியோவைக் கேட்டுக்கொண்டு அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவன் இருமிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தன் கிட்டாரை எடுத்து அதோடு சேர்ந்து வாசிக்கத் தொடங்குவான். ரேடியோக் கிட்டார் தூரத்தில், இவன் கிட்டார் நம் பக்கத்தில். வாசிப்பது இரண்டுமே பேண்டின் கிட்டார்காரர் டேவிட் கில்மர்தான். என் அறைத்தோழனும் அப்படித்தான், அந்த இடம் வந்ததும் தன் கிட்டாரை எடுத்து மூன்றாவது ஆளாகச் சேர்ந்துகொள்வான். தந்தி ஒன்று எப்போதும் அறுந்தே இருக்கும். படிப்பு முடிந்த இரண்டாம் வருஷம் பெரம்பலூர் பக்கம் பைக் விபத்தில் போய்விட்டான். அதனால் அந்த ரேடியோ சுருங்குகிற சத்தம் எனக்கு வெறும் ஒலித் தந்திரம் கிடையாது. அந்த அறைக் கதவு திறக்கிற சத்தம் அது.

அந்த ரேடியோவோடு தொடங்குகிற பாட்டைச் செயலி எடுத்து 'அமைதியான மாலைக்கு அக்கூஸ்டிக்' என்று ஒரு பட்டியலில், யாரோ ஒரு பையன் காபிக்கடையில் முனகிய பாட்டுக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறது. முன்னால் 'ஹாவ் எ சிகார்' இல்லை. பெரிய சத்தம் சுருங்குவதும் இல்லை. மொட்டையாகக் கரகரப்பு. ஆபீஸில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டுவிட்டு, "என்ன சார், போன்ல தண்ணி போயிடுச்சா?" என்கிறார். அவரைக் கோபித்து என்ன பயன்?

இதற்காக அந்த பேண்ட்காரர்களே கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். எங்கள் ஆல்பத்தைப் பிய்த்துப் பாட்டுப் பாட்டாக விற்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது என்றது பிங்க் ஃபிளாய்ட். அது தட்டுக்கும் சிடிக்கும்தான், இணையத்துக்கு இல்லை என்றது அவர்களுடைய இசைத்தட்டுக் கம்பெனி ஈஎம்ஐ. 2010 மார்ச்சில் லண்டன் உயர் நீதிமன்றம் பேண்டின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. படித்துவிட்டு அன்றைக்கு ஒரு டீ கூடுதலாகக் குடித்தேன். 2011 ஜனவரியில் இரண்டு பேரும் கைகுலுக்கிப் புது ஒப்பந்தம் போட்டு, தனித்தனியாக விற்கலாம் என்றாகிவிட்டது. அவர்களே விட்டுக்கொடுத்த பிறகு நான் யாரிடம் போய் முறையிடுவது?

போன் வேண்டாம், காரில் பென் டிரைவ் போட்டுக் கேட்கலாம் என்று பார்த்தேன். கார் ஆடியோ கடையில் பெரிய திரையோடு ஒரு செட் மாட்டிவிட்டார்கள். நானே சிடியிலிருந்து எடுத்து, 1, 2, 3 என்று எண் போட்டு ஏற்றி வைத்த பாட்டுகள். முதல் பாட்டு சரியாக வந்தது. அடுத்தது பத்தாவது பாட்டு. ஏன் என்றால் அந்தப் புத்திசாலிப் பெட்டி 1-க்குப் பிறகு 10, அதற்குப் பிறகு 2 என்று எழுத்து வரிசையில் படிக்கிறது. 'டார்க் சைட்' சரியாகப் பத்துப் பாட்டு. தொடக்க இதயத்துடிப்பு வந்து, உடனே இறுதிப் பாட்டு, முடிவு இதயத்துடிப்பு. ஒரு வாழ்க்கையே மூன்றேகால் நிமிடத்தில் முடிந்துவிட்டது, அப்புறம் மற்ற எட்டுப் பாட்டும் கருமாதிக்கு வந்தவர்கள் மாதிரி வரிசையில் வருகிறார்கள். கடைக்காரரிடம் போய்ச் சொன்னால், "பாட்டு எல்லாம் வருதில்ல சார், அப்புறம் என்ன?" 01, 02 என்று பெயர் மாற்றிப் போட்டேன். வரிசை வந்தது. ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன விக்கல். எம்பி3 கோப்பு 1152 ஒலி மாதிரிகள் (சாம்பிள்) கொண்ட துண்டுகளாகத்தான் எழுதப்படும், அதனால் முன்னும் பின்னும் கொஞ்சம் வெற்றிடம் ஒட்டிக்கொள்ளும், அதை வெட்டிவிட்டு ஒட்டிப் பாடத் தெரிந்த பெட்டி பாடும், இது தெரியாத பெட்டி. அடுத்தடுத்து ஒட்டி ஓடுகிற பாட்டுகளில் எல்லாம் விக்கல், விக்கல், விக்கல்.

அடுத்தது 'டீலக்ஸ் பதிப்பு' என்கிற அக்கிரமம். ரேடியோஹெட் என்ற இங்கிலாந்து பேண்டின் 'ஓகே கம்ப்யூட்டர்', 1997. நான் வேலைக்குச் சேர்ந்து, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் போய் வந்த காலத்தின் ஆல்பம் இது. நடுவில் ஒரு கணினிக் குரல் உணர்ச்சியே இல்லாமல் நல்ல பிள்ளையாக வாழ்வது எப்படி என்று பட்டியல் வாசிக்கும், எல்லோரும் தள்ளிவிடுகிற அந்த இரண்டு நிமிடத்தைக் கேட்டபடி பஸ்ஸில் என்னைச் சுற்றித் தூங்கி வழியும் முகங்களைப் பார்த்தால் முதுகு சில்லிடும். கடைசிப் பாட்டு 'தி டூரிஸ்ட்'. மெதுவாகப் போ என்று கெஞ்சுகிற பாட்டு. அது ஓய்ந்து, எல்லா வாத்தியமும் அடங்கி, கடைசியில் ஒரே ஒரு மணிச் சத்தம். டிங். முடிந்தது. அதற்குப் பிறகு அமைதிதான் வர வேண்டும், அந்த அமைதியும் ஆல்பத்தில் சேர்த்தி. 2017-ல் வந்த இருபதாண்டுப் பதிப்பில் அந்த டிங்கைத் தொட்டுக்கொண்டே 'ஐ ப்ராமிஸ்' என்று அடுத்த பாட்டு ஆரம்பம். நல்ல பாட்டுதான், ஆனால் இங்கே அதற்கு என்ன வேலை? சிடியில் அது தனித் தட்டு, எழுந்து போய் மாற்ற வேண்டும். செயலியில் எல்லாம் ஒரே கயிறு.

டீலக்ஸ் இல்லாத ஆல்பத்துக்கு ஆட்டோபிளே இருக்கிறது. 'இது பிடித்திருந்தால் இதுவும் பிடிக்கும்' என்று மூச்சுவிடக் கூட நேரம் தராமல் யாரையோ கொண்டுவந்து பாட விடும். சாவு வீட்டில் நாலு பேர் பேசாமல் உட்கார்ந்திருக்கும்போது ரிங்டோன் அடித்தால் முறைப்போமே, அந்த முறைப்பை நான் போனைப் பார்த்து தினமும் முறைக்கிறேன்.

'அபே ரோட்' பற்றிப் பேசினால் ரத்த அழுத்தம் ஏறும், ஆனாலும் சொல்கிறேன். பீட்டில்ஸ், 1969 செப்டம்பர். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு ஏழே முக்கால் நிமிடம், ஒரே மெட்டு திரும்பத் திரும்ப, காற்றுச் சத்தம் ஏறிக்கொண்டே போய், சட்டென்று கத்தியால் வெட்டியது மாதிரி அறுந்துவிடும். பாட்டை எழுதிய லென்னன் அங்கே வெட்டச் சொன்னார், வெட்டினார்கள். தட்டில் கேட்டவர் அந்த அதிர்ச்சியோடு எழுந்து போய்ப் பக்கத்தைத் திருப்புவார். ஒரு பாட்டின் முடிவையும் அடுத்த பாட்டின் தொடக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலக்கிற கிராஸ்ஃபேட் என்ற வசதியை இயக்கிப் பாருங்கள், அந்த வெட்டை வெண்ணெய் தடவி மழுப்பிவிடும். ஆல்பத்தின் கடைசியில் 23 விநாடிக்கு 'ஹெர் மெஜஸ்டி' என்று ஒரு துக்கடா. மெக்கார்ட்னி வேண்டாம் என்று இரண்டு பாட்டுக்கு நடுவிலிருந்து வெட்டித் தூக்கிப்போடச் சொன்னதை, எதையும் எறியக்கூடாது என்ற ஸ்டுடியோ விதிப்படி ஜான் குர்லாண்டர் என்ற இளம் உதவியாளர் டேப்பின் கடைசியில் ஒட்டி வைத்தார். அதனால்தான் முன்னால் அவ்வளவு அமைதி, ஆரம்பத்தில் வேறொரு பாட்டின் கடைசி அடி, முடிவில் தன் சொந்தக் கடைசி ஸ்வரமே இல்லை. எங்கள் கேசட்டில் 47 நிமிட ஆல்பம் 45-ல் அடங்காமல் முடிவே விழாது, அதனால் சிடி வாங்கிய பிறகுதான் இதைக் கேட்டேன், சிரித்துவிட்டேன். 12 விநாடி கிராஸ்ஃபேட் போட்டால் அந்த அமைதியும் போச்சு, 23 விநாடியில் பாதியும் போச்சு. இந்த வசதியை வடிவமைத்தவர் ஒரு ஆல்பத்தையாவது முழுசாகக் கேட்டிருப்பாரா?

சத்தத்தைச் சமப்படுத்துகிறேன் என்று மெல்லிய பாட்டைத் தூக்கி நிறுத்துகிற வேலை இன்னொன்று. மெட்டாலிகா என்ற பேண்டின் 2008 ஆல்பத்தில் நடந்த சத்தக் கொடுமை தனிக் கதை, இன்றைக்கு வேண்டாம், சாப்பாடு இறங்காது.

வீட்டுக்கு வருகிற சொந்தக்காரப் பையன் வேறு, "மாமா, அதுல எது நல்ல பாட்டு? லிங்க் அனுப்புங்க, கேட்டுக்கறேன்" என்கிறான். ஆல்பத்தின் லிங்க்கை அனுப்பினேன். முதல் பாட்டை இருபது விநாடி கேட்டுவிட்டு, "ஹார்ட் பீட் மட்டும்தான் வருது, ஏதோ எர்ரர்" என்று பதில் போட்டான்.

நானும் ஒரு நாள் உட்கார்ந்து, செட்டிங்ஸில் நாலு அடுக்கு உள்ளே போய், ஆட்டோபிளேயை அணைத்து, கிராஸ்ஃபேடை அணைத்து, சத்தச் சமனை அணைத்து, ஷஃபிளின் கழுத்தைத் திருகி, எல்லாவற்றையும் சரி செய்து வைத்தேன். கொஞ்ச நாள் நிம்மதியாகத்தான் போனது. போன வாரம் அப்டேட் வந்தது. எல்லாம் மறுபடியும் ஆன்.