வேடல் கல்வெட்டும் ஒரு ஃபார்வர்டும்

மகளிர் தினம் வந்தால் போதும், வந்தவாசிப் பக்கத்து வேடல் கிராமத்தைப் பற்றி ஒரு ஃபார்வர்டு கிளம்பிவிடும். ‘உலகின் முதல் பெண்கள் பல்கலைக்கழகம்’ என்று. எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். கல்லில் இருப்பதே இதைவிட சுவாரசியமானது, அதை யாரும் படிப்பதில்லை.

கல்வெட்டு இருக்கும் இடத்தை ஊரில் ஆண்டார் மடம் என்கிறார்கள். பாறையில் இயற்கையாக அமைந்த குகைகள், முன்னால் பிற்காலத்தில் எழுப்பிய மண்டபம். சமணத் துறவியர் தங்கிப் படித்த ஒரு பெரிய பள்ளியில் மிஞ்சியது அவ்வளவுதான். (வந்தவாசி என்றாலே நமக்கு 1760 சண்டை மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. பாடப்புத்தகம் செய்த வேலை.)

அங்குள்ள ஒரு கல்வெட்டு, ராஜகேசரி என்ற பட்டம் கொண்ட சோழ மன்னரின் 14ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. முதலாம் ஆதித்த சோழன் என்று கொண்டால் கி.பி. 885 வாக்கில். குணகீர்த்தி படாரர் என்ற சமணத் துறவியின் மாணாக்கியார் கனகவீரக் குரத்தியாரும் (குரத்தி என்றால் பெண் ஆசான்) அவரிடம் படித்த 500 பேரும் அதில் வருகிறார்கள். சரி, எதற்காக வெட்டினார்கள்? பெருமை பேச இல்லை. பள்ளிக்குள் சண்டை! இன்னொரு பிரிவினரோடு இவர்களுக்கு ஒத்துப்போகவில்லை. அதனால் விடால் (இன்றைய வேடல்) என்ற மாதேவி அரந்திமங்கலத்து ஊரார், ‘குரத்தியாரையும் அவர் பிள்ளைகளையும் நாங்கள் காத்துச் சோறிடுவோம்’ என்று பொறுப்பேற்கிறார்கள்.

அந்தச் சோற்றில்தான் விஷயம் இருக்கிறது. சமணத் துறவியர் தாங்களே உலை வைக்கக் கூடாது. அடுப்பில் ஓர் உயிர் செத்தாலும் பாவம். அடுத்தவர் இட்டால்தான் சாப்பாடு. ஆக, ஊர் கைவிட்டால் பள்ளி மூடவேண்டியதுதான். 500 என்பதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருந்தாலும்கூட, தினமும் அத்தனை பேருக்குச் சோறு போடுவது எந்த ஊருக்கும் விளையாட்டில்லை. ஒரு பெண் ஆசிரியருக்காக ஊரே அதை ஏற்றுக்கொண்டு, கல்லிலும் வெட்டி வைத்திருக்கிறது.

இவர் ஒருவர்தான் என்றும் இல்லை. கழுகுமலைக்குப் போனால் மிழலூர்க் குரத்தியார், திருச்சாரணத்துக் குரத்திகள் என்று பாறையில் பெயர்கள் வருகின்றன. திருச்சாரணம் என்பது குமரி மாவட்டத்துச் சிதறால். அங்கிருந்து கழுகுமலை வரை தொடர்பு வைத்திருந்த பெண் துறவியர் இவர்கள்.

அப்புறம் ஒன்று. குரவர் என்றால் ஆசான், அதன் பெண்பால் குரத்தி. போன வருடம் வந்த ஃபார்வர்டில் ‘குறத்தியார்’ என்று இருந்தது. அடுத்த மார்ச்சில் அனுப்பத்தான் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து இடையின ‘ர’ போட்டு அனுப்புங்கள்.