ஸ்திரீபார்ட் என்று மட்டும் போடாதீர்கள்

டி.பி. ராஜலட்சுமியைப் பற்றிப் பதிவு போடுகிறவர்கள் எல்லோரும் 1936-ல் இருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ‘மிஸ் கமலா’, கதை அவருடையது, தயாரிப்பு அவர், இயக்கமும் அவர், தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர், கீழே வரிசையாகக் கும்பிடு பொம்மைகள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், 1931-ல் அவர் கதாநாயகியாக நடித்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ வரைக்கும் பின்னால் போவார்கள். அதற்கும் முன்னால், திருவையாற்றில் பிறந்த ஒரு சின்னப் பெண் நாடகக் கம்பெனியில் சேர்ந்து ஊர் ஊராக மேடையேறின வருஷங்களை ஒரே வரியில் தாண்டிவிடுகிறோம். சினிமா வரட்டும் என்று அதுவரை அவர் சும்மா உட்கார்ந்திருந்த மாதிரி.

எனக்கு இதில் ஒரு வழக்கு இருக்கிறது. எந்த இடத்தில் பாட்டு வைக்க வேண்டும், எந்த இடத்தில் சிரிக்க வைக்க வேண்டும், கூட்டம் எப்போது எழுந்து போகும், எதைச் சொன்னால் திரும்ப உட்காரும், இதையெல்லாம் அவர் ஸ்டுடியோவிலா கற்றுக்கொண்டிருப்பார்? 1936-ல் நடந்தது என்னவென்று கேட்டால், மேடையில் பழகின வேலைக்குப் பெயர் போட ஒரு இடம் கிடைத்தது என்றுதான் நான் சொல்வேன். சினிமாவில் டைட்டில் கார்டு என்று ஒன்று இருக்கிறது. நாடகத்தில், அதிலும் எங்கள் பக்கத்து நாடகத்தில், அது கிடையாது.

எங்கள் பக்கம் என்றால் காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், அப்படியே திருமயம் வழியாகப் புதுக்கோட்டை வரை. மாசி பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் இந்த வட்டாரத்தில் ஏதாவது ஒரு ஊரில் ராத்திரி நாடகம் இருக்கும். மாரியம்மனுக்கு முளைப்பாரி, ஐயனாருக்குப் புரவி எடுப்பு, எது நடந்தாலும் ஒரு ராத்திரி ‘வள்ளி திருமணம்’ உண்டு. செட்டிநாடு என்றதும் வெளியூர்க்காரர்கள் பர்மா தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் கோழிக் குழம்பையும் பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கிற ஊரில்கூட கோயில் பொட்டலில் நாடகம் நடந்துகொண்டுதான் இருக்கிறது, அதைப் பார்க்க எந்த டூரிஸ்ட் வேனும் வருவதில்லை.

பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது ஸ்பெஷல் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதி வைத்துவிட்டுப் போன வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் இந்த மாதிரி. நிரந்தரமான குழு ஒன்றும் கிடையாது. கதாநாயகனாக நடிக்கிற ராஜபார்ட் புதுக்கோட்டையில் இருந்து வருவார், கதாநாயகியாக நடிக்கிற ஸ்திரீபார்ட் மதுரையில் இருந்து வருவார், கோமாளியான பபூன் ஒரு ஊர், டான்ஸ் ஒரு ஊர், ஆர்மோனியம் காரைக்குடியாக இருக்கலாம். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி முன்பணம் கொடுத்து வரவழைப்பது. ஒத்திகை என்ற பேச்சே இல்லை. மேடைக்குப் பின்னால் தட்டியை மறைப்பாகக் கட்டி அரிதாரம் பூசுகிற இடத்தில்தான் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள். பத்து மணிக்கு மேல் பபூன் மேடையேறினால் அப்புறம் விடியும் வரைக்கும் நாடகம்.

அவ்வளவு நேரத்துக்கும் யார் இயக்குநர்? யார் வசனகர்த்தா?

பாட்டு சுவாமிகள் எழுதியது, கதை குழந்தைக்கும் தெரியும், சரி. ஆனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மணிக்கணக்காக ஓடுகிற பேச்சு யாருடையது? தினைப்புனத்தில் வள்ளி நிற்கிறாள், நாரதர் வருகிறார், தர்க்கம் ஆரம்பிக்கிறது. இல்லறம் பெரிதா துறவறம் பெரிதா, ஆண் உசத்தியா பெண் உசத்தியா என்று நாரதர் ஒரு கேள்வியைப் போடுவார். வள்ளி குறளில் இருந்து ஒன்றை எடுப்பாள், அவர் சித்தர் பாட்டில் இருந்து ஒன்றைப் போடுவார், இவள் அதையே திருப்பி அவர் தலையில் கட்டுவாள். நாரதராக வருகிறவர் இன்றைக்கு எதைக் கேட்பார் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. கேட்ட அடுத்த மூச்சில் பதில் வரணும், பதில் தமிழாக இருக்கணும், முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கிற அப்பத்தாவுக்கும் புரியணும், பின்னால் பைக்கில் சாய்ந்து நிற்கிற பையனும் கைதட்டணும், கடைசியில் அடுத்த பாட்டின் எடுப்புக்குச் சரியாகக் கொண்டுவந்து விடணும். இதற்குப் பெயர் நாடகம் எழுதுவது இல்லை என்றால் வேறு என்ன? சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார் என்று இன்றைக்கும் வியந்து பேசுகிறோம். இந்த அம்மாக்கள் ராத்திரி முழுக்க, பேனாவும் இல்லாமல், பட்டுப்புடவையும் ஜோடனையுமாக நின்றபடியே வசனம் கட்டுகிறார்கள்.

இயக்கம் என்று பார்த்தால் இன்னும் அதிகம். எங்கள் ஊர்ப்பக்கத்து ஸ்திரீபார்ட் அக்கா ஒருவரை நான் பல வருஷமாகக் கவனித்து வருகிறேன் (பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் அக்கா என்றே வைத்துக்கொள்வோம்). ராஜபார்ட் ஒரே பாட்டைப் பிடித்துக்கொண்டு ஆலாபனையில் ஊறிக் கிடந்தால், அக்கா ஆர்மோனியக்காரரை ஒரு பார்வை பார்ப்பார், அவர் அடுத்த பாட்டுக்குச் சுருதி காட்டிவிடுவார், ராஜபார்ட் இறங்கித்தான் ஆகணும். கூட்டம் தூங்க ஆரம்பித்தால், இல்லாத ஒரு தோழியைத் தேடுகிற சாக்கில் பபூனை மேடைக்குக் கூப்பிட்டுவிடுவார். குடித்துவிட்டு முன்வரிசையில் கத்துகிறவனை வள்ளியாக இருந்துகொண்டே, கவணை ஓங்கி, ‘கிளி விரட்ட வந்தேன், இங்கே காக்கையும் சேர்ந்து கத்துதே’ என்று அடக்குவதை நானே பார்த்திருக்கிறேன். அடக்கின மாதிரியும் இருக்கும், கதையை விட்டு வெளியே வந்த மாதிரியும் இருக்காது. இதற்கு நடுவில் மைக்கில் அன்பளிப்பு வாசிக்கிற கொடுமை வேறு. வள்ளி அழுதுகொண்டிருக்கும்போது ‘சிங்கப்பூரில் இருந்து வந்திருக்கும் இன்னார் வள்ளிக்கு ஐநூறு ரூபாய்’ என்று அறிவிப்பார்கள், அக்கா கண்ணீரோடு ஒரு கும்பிடு போட்டுவிட்டு விட்ட இடத்தில் இருந்து அழுகையைத் தொடருவார். எப்படி இழுத்தாலும் பொழுது புலர்வதற்குள் முருகனுக்கும் வள்ளிக்கும் கல்யாணம் முடிந்தாகணும். எந்தக் காட்சியைச் சுருக்குவது, எதை விட்டுவிடுவது என்று கணக்குப் போடுவது, நான் பார்த்தவரை, பெரும்பாலும் அக்காதான்.

ஒரு விருதுக்கு விண்ணப்பம் போடலாம் என்று அவருக்கு நான்தான் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். நடித்த நாடகங்கள் என்று ஒரு கட்டம், அது நிரம்பி வழிந்தது. எழுதிய நாடகங்கள், இயக்கிய நாடகங்கள் என்று இன்னும் இரண்டு கட்டம். அக்கா யோசிக்கவே இல்லை. ‘இல்லைன்னு போட்டுருங்க தம்பி.’ நான் விடவில்லை, தர்க்கம் எல்லாம் உங்க சொந்தம்தானே என்றேன். ‘அது பேச்சுத்தானே தம்பி, அதைப் போய் எழுத்துன்னு சொல்ல முடியுமா, நாலு பேரு சிரிப்பாக’ என்றார். நான் இரண்டு கட்டத்திலும் கோடு போட்டுக் கொடுத்தேன். விருது வரவில்லை, அது வேறு கதை.

ஆண்களுக்கு இந்தத் தொழிலில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. ராஜபார்ட்டுக்கு வயதானால் நாரதர் போடலாம், அதுவும் முடியாவிட்டால் வாத்தியார் ஆகலாம், நாடகம் பேசிக் கொடுக்கிற ஏஜென்ட் ஆகலாம், சங்கத்தில் பொறுப்புக்கு வரலாம். பெண்ணுக்கு? டான்ஸாக வந்து, அந்தப் பபூன்–டான்ஸ் காட்சியின் இரட்டை அர்த்தத்தையும் ஊர்ப்பேச்சையும் தாங்கி, பாட்டு கைவந்தால் ஸ்திரீபார்ட் ஆகி, முகத்தில் வயது தெரிந்தால் வள்ளியைச் சின்னப் பெண்ணிடம் விட்டுவிட்டுச் சந்திரமதியாகவும் நல்லதங்காளாகவும் அழ வேண்டியது. அதற்கு மேல் படி இல்லை. வீட்டில் உட்கார்ந்து மகளுக்கோ தங்கை மகளுக்கோ தர்க்கம் சொல்லிக் கொடுப்பார், ஆனால் அவரை யாரும் வாத்தியார் என்று கூப்பிட மாட்டார்கள். கூட வந்த அம்மா என்பார்கள். எனக்கு ரொம்ப எரிச்சல் வருகிற இடம் இதுதான்.

இதற்கு ஒரு பதில் வரும் என்று தெரியும், நாடகப் பிரியர் ஒருவர் நேரிலேயே சொல்லியிருக்கிறார். தர்க்கத்தில் பாதிக்கு மேல் மனப்பாடம், நோட்டில் எழுதி வைத்து வழிவழியாக வருவது, அதைப் போய்ப் படைப்பு என்கிறாயே என்று. மனப்பாடம் உண்டு, யார் இல்லை என்றது? நோட்டில் இருநூறு இருக்கும், இந்த நாரதருக்கு, இந்த ஊருக்கு, இந்த நிமிஷத்துக்கு எது என்று எடுக்கிற கை யாருடையது? சுவாமிகளே புராணத்தையும் பழைய பாட்டையும் எடுத்தாண்டுதான் நாடகம் எழுதினார், அவரை நாம் நாடகத் தலைமை ஆசிரியர் என்கிறோம், சரியாகத்தான் சொல்கிறோம். அதே அளவுகோலை அக்காவுக்கும் வையுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

பழைய கதையைப் புரட்டினாலும் இதே மறதிதான். கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை வைத்தே கம்பெனி நடத்தியவர், அவர் நாடகம் பார்க்கப் போகிற கூட்டத்துக்கு ஓடின ரயிலையே பாலாமணி ஸ்பெஷல் என்றார்கள். இன்றைக்கு அவர் பெயரைச் சொன்னால் அழகி என்பார்கள், கடைசியில் மதுரையில் வறுமையில் இறந்தார் என்பார்கள். கம்பெனி முதலாளியாக அவர் என்னென்ன முடிவு எடுத்தார் என்று பேச ஆள் இல்லை. கே.பி. சுந்தராம்பாள் கதி வேறு மாதிரி. 1926-ல் கொழும்பில் (எங்கள் ஊர்க்காரர்கள் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போன அதே கொழும்பு) பாடகர்-நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு ‘வள்ளி திருமணம்’ நாடகம், அப்புறம் காதல், 1933-ல் கிட்டப்பா சாவு, வெள்ளைப் புடவை, 1935-ல் ‘நந்தனார்’ படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய். கதை சொல்கிறவர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். கிட்டப்பாவின் குரலுக்கு எதிரே நின்று, அது தன்னை மூழ்கடிக்காமல், பாட்டுக்குப் பாட்டு தர்க்கம் செய்து ஒரு ராத்திரியை நிறுத்திக் காட்டின கெட்டிக்காரத்தனத்தைக் காதல் கதை மூடிவிட்டது. எனக்கென்னவோ அந்தக் காதலைவிட அந்தத் தர்க்கத்தைக் கேட்கத்தான் ஆசை.

சென்னையில் நிலைமை பரவாயில்லை. இன்குலாப் எழுதிய ‘ஔவை’யை அ. மங்கை மேடையேற்றினார் என்றால், எழுதியது யார், இயக்கியது யார் என்று பதிவு இருக்கிறது, விவாதிக்க முடிகிறது, பிடிக்கவில்லை என்றால் திட்டவும் முடிகிறது. மங்கை மாதிரியானவர்கள் நின்று போராடி வாங்கின இடம் அது, குறைத்துச் சொல்லவில்லை. அந்த மரியாதையில் ஒரு துளி திருமயம் ரோட்டைத் தாண்டி வரக்கூடாதா என்றுதான் கேட்கிறேன்.

இப்போது யூடியூப் வேறு வந்துவிட்டது. ராத்திரி முழு நாடகத்தையும் பிடித்துப் போடுகிறார்கள், நாரதரைத் திணறடித்த வள்ளி என்று தலைப்பு வைத்துத் துண்டு துண்டாக வெட்டி விடுகிறார்கள், லட்சக்கணக்கில் பார்க்கிறார்கள். நல்லதுதான், துபாயில் இருக்கிற என் சித்தப்பா மகன் அதில்தான் நாடகம் பார்க்கிறான். ஆனால் வார்த்தைக்கு வார்த்தை அந்த அம்மா கட்டின தர்க்கத்துக்கு வருகிற காசில் அவருக்குப் பங்கு உண்டா என்று அக்காவிடம் கேட்டேன். ‘வீடியோ எடுக்குறோம்னு சொல்லக்கூட மாட்டாங்க தம்பி’ என்றார். எழுத்து அவருடையது என்று யாராவது ஒப்புக்கொண்டிருந்தால்தானே பங்கு என்ற கேள்வியே வரும். 2020-ல் சீசன் தொடங்குகிற நேரத்தில் ஊரடங்கு வந்து பேசின நாடகமெல்லாம் ரத்தானபோது இவர்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். அப்போதும் அந்தப் பழைய வீடியோக்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

சரி, இப்போதைக்கு நம்மால் முடிகிற காரியத்துக்கு வருகிறேன். வைகாசி, ஆனித் திருவிழாக்களுக்கு இந்நேரம் நோட்டீஸ் அச்சடிக்கக் கொடுத்திருப்பீர்கள். நடிகர்கள் படம் வட்டம் வட்டமாக இருக்கும், மண்டகப்படிதாரர் பெயர், நாடக அமைப்பாளர் பெயர், ஒலி ஒளி அமைப்பு யார் என்று செல் நம்பரோடு இருக்கும், வாழ்த்து சொல்கிற பத்துப் பன்னிரண்டு பேர் கூலிங் கிளாஸ் போட்டு நிற்பார்கள். அதில் ஸ்திரீபார்ட் பெயருக்குக் கீழே ‘தர்க்கம், காட்சி அமைப்பு’ என்று ஒரு வரி சேருங்கள். அவரும் நாரதரும் ராஜபார்ட்டும் சேர்ந்து செய்வது என்றால் மூன்று பேர் பெயரையும் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? எங்கள் ஊர்க் கமிட்டியில் கேட்டுப் பார்த்தேன், நோட்டீஸில் இடம் இல்லை என்றார்கள். கூலிங் கிளாஸில் இரண்டைக் குறைத்தால் தாராளமாக இடம் இருக்கிறது, அச்சகத்துக்காரரிடம் நானே பேசிவிட்டேன்.