3டி பிரிண்டரை ஆன் செய்யும் முன் ஒரு அட்டைப்பெட்டியை வெட்டுங்கள்

டிசைன் டெக்னாலஜி மாணவர்களின் ப்ராஜெக்ட் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. செமஸ்டர் முழுக்கக் கம்ப்யூட்டரில் வரைகிறார்கள். கடைசி வாரத்தில் 3டி பிரிண்டரில் ஒரு பீஸ் எடுத்து, சாண்ட்பேப்பர் தேய்த்து, ஸ்ப்ரே பெயிண்ட் அடித்து மேசையில் வைக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதைச் செய்ததால் புதிதாக எதுவும் தெரியவரவில்லை. தெரிந்தாலும் திருத்த நாள் இல்லை. இதற்கு ப்ரோட்டோடைப், அதாவது சோதித்துப் பார்க்கச் செய்யும் முன்மாதிரி, என்று பெயர் வைத்து மார்க் போடுவதை நிறுத்த வேண்டும்.

மாடல் செய்ய உட்காரும் முன் நோட்டில் ஒரு கேள்வியை எழுதுங்கள். கைக்கு அடங்குமா என்பது ஒரு கேள்வி. பெட்டியை நூறு தடவை திறந்து மூடினால் மூடியின் கிளிப் தாங்குமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே மாடலில் திணிக்காதீர்கள். முதல் கேள்விக்குத் தெர்மாகோலைச் செதுக்கினால் அரை மணி நேரத்தில் பதில் வந்துவிடும். இரண்டாவதற்கு முழுப் பெட்டியும் பிரிண்ட் ஆக வேண்டியதில்லை. கிளிப்பும் அதைச் சுற்றி இரண்டு செ.மீ. சுவரும் போதும்.

1996இல் வந்த பாம் பைலட் என்ற கையடக்கக் கணினியை வடிவமைத்த ஜெஃப் ஹாக்கின்ஸ், அதற்கு முன்பு சட்டைப்பை அளவுக்கு ஒரு மரக்கட்டையைச் செதுக்கிக் கூடவே வைத்துக்கொண்டு திரிந்தார். ஒரு குச்சியால் அதன்மேல் எழுதுவதுபோல் செய்து பார்த்தார். உள்ளே சர்க்யூட் எதுவும் கிடையாது. இப்படி ஒன்றை நாள் முழுக்கப் பையில் வைத்திருக்க முடியுமா, எதற்கெல்லாம் கை அதைத் தேடும் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

நம் பிள்ளைகள் அடிக்கடி செய்வது ஆர்டுயினோ என்ற சின்ன எலக்ட்ரானிக் போர்டை உள்ளே வைத்த ஏதாவது ஒரு பெட்டி. அதையே எடுத்துக்கொள்வோம். அதில் ஊனோ என்ற வகைப் போர்டின் அளவு 68.6 × 53.4 மி.மீ. அதைப் பார்த்துவிட்டுப் பெட்டியின் உள்ளளவு 72 × 56 என்று வரைந்துவிடுகிறார்கள். யூஎஸ்பி சாக்கெட் போர்டின் விளிம்பைத் தாண்டி ஆறு மி.மீ. போல நீட்டிக்கொண்டிருப்பது கணக்கில் வராது. ஜம்பர் வயரின் கறுப்பு முனை, அதைச் செருகும் ஹெடருக்கு மேலே ஒன்றரை செ.மீ. வரை நிமிர்ந்து நிற்கும். அதற்கும் மேலே வயர் வளைய இடம் வேண்டும். மூடி உட்காராது. அழுத்தி மூடினால் ஏதோ ஒரு வயர் பாதி கழன்றுகொள்ளும், பிறகு கோளாறு கோடிங்கில் இருக்கிறது என்று இரண்டு நாள் தேடுவார்கள். எட்டு மணி நேரம் பிரிண்ட் ஓடிய பிறகு இது தெரிவதற்கும், கூரியரில் வந்த பழைய அட்டைப்பெட்டியை வெட்டி இருபது நிமிடத்தில் தெரிந்துகொள்வதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

அட்டை வேலைக்கும் பழக்கம் வேண்டும். அட்டைக்குள் வரிவரியாக ஓடும் நெளியின் திசையை முதலில் பாருங்கள். எடை தாங்க வேண்டிய சுவரில் அந்த வரிகள் செங்குத்தாக நிற்கட்டும். வரிக்குக் குறுக்கே மடித்தால் கண்டபடி நசுங்கும். மை தீர்ந்த ரீஃபில் முனையால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு இழுத்துவிட்டு மடியுங்கள். 5 மி.மீ. அட்டையில் வெளியகலம் 100 வேண்டுமென்றால், இரண்டு சுவருக்கு நடுவே மாட்டும் துண்டு 90 மி.மீ.தான். தடிமனைக் கழிக்க மறப்பதால்தான் பாதி மாடல்கள் கோணலாக நிற்கின்றன. ஸ்டீல் ஸ்கேல் வைத்து மூன்று நான்கு முறை லேசாக இழுத்து வெட்டுங்கள். பிளாஸ்டிக் ஸ்கேலில் பிளேடு ஏறி விரலுக்கு வரும். வெட்டிய ஓரம் பிய்ந்து வந்தால் பிளேடு மழுங்கிவிட்டது. முனையை உடைத்துவிட்டு அடுத்ததை வெளியே தள்ளுங்கள்.

தெர்மாகோல் பக்கம் ஃபெவிக்விக்கையோ சைக்கிள் டியூப் ஒட்டும் சொல்யூஷனையோ கொண்டுபோகாதீர்கள், கரைத்துக் குழியாக்கிவிடும். சாதாரண ஸ்ப்ரே பெயிண்டும் அப்படித்தான். ஃபெவிகால் போட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள். இரண்டு தெர்மாகோலுக்கு நடுவே காற்று போகாததால் மெதுவாகத்தான் காயும்.

லேசர் கட்டர் இருக்கும் லேபுகளுக்கு ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சன்போர்டு என்று கடையில் தருவது பிவிசி பிளாஸ்டிக். அதை லேசரில் வைத்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலுக்கும் கேடு, மெஷினும் துருப்பிடிக்கும். சன்போர்டைக் கைக் கட்டரால் வெட்டுங்கள், லேசருக்கு எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), அக்ரிலிக் போதும். 3 மி.மீ. எம்டிஎஃப் என்று வாங்கியது சரியாக 3 இருக்காது. வெர்னியரில் அளந்துவிட்டு, 2.7 முதல் 3.2 வரை 0.1 கூட்டிக் கூட்டி ஒரு சின்னத் துண்டில் இன்னொரு துண்டைச் செருகும் காடிகள் வெட்டி, எது இறுக்கமாகப் பிடிக்கிறது என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு பிரிண்டருக்குப் போகலாம். 10 மி.மீ. தண்டு 10 மி.மீ. துளைக்குள் போகாது, துளை சற்றுச் சிறுத்துத்தான் வரும். சுற்றிலும் 0.2, 0.3 இடைவெளி விட்டு, தண்டும் துளையும் சேரும் இடத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். கிளிப்பை நிற்க வைத்துப் பிரிண்ட் எடுத்தால் லேயர் ஒட்டிய இடத்தில் முறியும், படுக்க வைத்து எடுத்தால் வளைந்து கொடுக்கும். பிரிண்டரில் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும் என்பதால் நம்மூர் வெயிலில் பூட்டிய காருக்குள் அதை விட்டுப்போகாதீர்கள்.

ஜேம்ஸ் டைசன் வேக்குவம் கிளீனருக்காக 5,127 ப்ரோட்டோடைப் செய்தார் என்பதை விடாமுயற்சிக்கு உதாரணமாகவே சொல்லிக்கொண்டிருக்கிறோம். நான் மாணவர்களுக்குச் சொல்ல விரும்புவது அவர் வேலை செய்த முறையை: ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். கைப்பிடியின் தடிமனையும் வளைவையும் ஒன்றாக மாற்றிவிட்டு, பிடி நன்றாக இருக்கிறது என்றால் எதனால் நன்றாக இருக்கிறது?

சோதிக்கும்போது மாடலை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். "இங்கே அழுத்துங்க அண்ணா" என்று சொன்ன நிமிடமே அந்தச் சோதனை வீண். கட்டைவிரல் முதலில் எங்கே போகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மாடல் நிஜப் பொருளின் எடையில் இருக்கட்டும்; உள்ளே களிமண்ணோ நட்டு போல்ட்டோ வைத்துச் சமையல் தராசில் நிறுத்துச் சரிசெய்யலாம். காற்றுபோல் லேசான தெர்மாகோலை யாரிடம் கொடுத்தாலும் "சௌகரியமா இருக்கு" என்றுதான் சொல்வார்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நூறு மார்க்கில் நாற்பதை முடிந்த மாடலுக்கு முன்னால் வந்த உடைந்த, கோணலான மாடல்களுக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரில் எண், தேதி, என்ன கேள்விக்காகச் செய்தது, என்ன பதில் வந்தது என்று நாலு வரி இருக்க வேண்டும். வைவாவில் பெயிண்ட் அடித்த மாடலைத் தொடுவதற்கு முன் இவற்றை வரிசையாக மேசையில் வைக்கச் சொல்லி, இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு ஏன் மாறினாய் என்று கேளுங்கள்.