அடித்துச் செல்லப்பட்ட ஆட்டுக்கு யார் சான்று தருவது?
2023 டிசம்பரில் தூத்துக்குடிப் பக்கம் வந்த வெள்ளத்துக்கு அரசு கொடுத்த நிவாரணம் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். "கால்நடையை இழந்த யாரும் விடுபடவில்லை" என்று அதில் இருக்கிறது. அங்கேதான் எனக்கு இடிக்கிறது. ஆட்டுக்கு 4,000 ரூபாய், மாட்டுக்கு 37,500 ரூபாய் என்று அறிவித்தது உண்மை, வாங்கியவர்களும் உண்டு. ஆனால் செத்த ஆட்டைக் காட்டினால்தானே கணக்கில் ஏறும்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது, தாமிரபரணி கரை மீறி ஓடியது. ஸ்ரீவைகுண்டம் பக்கம் எங்கள் சித்தப்பாவின் ஆட்டுக்கிடையில் 23 உருப்படி. தண்ணீர் வடிந்து போய்ப் பார்த்தால் வாழைத்தோப்பு வேலியில் சிக்கி ஐந்து உடல்கள், அதுவும் ஊதிப்போய். மீதி எந்த ஊர் வரைக்கும் போனதோ. பாதை அறுந்து கிடந்ததால், செத்ததைப் பார்த்துச் சான்று தர வேண்டிய கால்நடை டாக்டர் வந்து சேர நான்கு நாள் ஆனது. அதற்குள் நாற்றம் தாங்காமல் குழி தோண்டிப் புதைத்துவிட்டோம். செல்போனில் சார்ஜ் இல்லை, போட்டோ எங்கே எடுப்பது? கடைசியில் இரண்டு ஆட்டுக்குத்தான் பணம் வந்தது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், ஆட்டின் காதில் மாட்டும் அடையாள வில்லையைச் சொல்லி, "காது வில்லை போட்டிருந்தால் பிரச்சினையே இல்லை" என்கிறார். சரி, ஆட்டோடு வில்லையும் சேர்ந்துதானே கடலுக்குப் போகும்! வெள்ளத்துக்கு முன்பே ஊர்வாரியாக ஆட்டுக்கணக்கு எழுதி வைத்து, அதை வைத்துப் பணம் கொடுத்தால் சித்தப்பா மாதிரி ஆட்களுக்கும் கிடைக்கும்.