துடைக்காத தூசி

இத்தாலிய ஓவியர் ஜார்ஜோ மொராண்டி 'அதே புட்டிகளையே திரும்பத் திரும்ப வரைந்தவர்' என்று நான் படித்த கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது; எனக்கு மனம் ஆறவில்லை. பொலோனியா நகரில் அவர் உறங்கியதும் வரைந்ததும் ஒரே அறையில்தான். பளபளப்பை அடக்கப் புட்டிகளுக்கே வண்ணம் பூசினார். படிந்த தூசியையும் துடைக்கவில்லை. மேசையில் விரித்த தாளில் ஒவ்வொன்றின் இடத்தையும் பென்சிலால் குறித்துவைப்பார். அரை விரற்கடை நகர்ந்தால் வேறு படம்!

நானும் ஒருமுறை பித்தளைச் செம்பையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் வைத்து வரைய உட்கார்ந்தேன். செம்பில் ஜன்னலும் என் மூக்கும்தான் தெரிந்தன; செம்பைக் காணோம். அவர் ஏன் வண்ணம் பூசினார் என்பது அன்றுதான் புரிந்தது. அதற்குள் அம்மா செம்பை எடுத்துப் போய்விட்டார். படம் இன்னும் பாதியில்தான் நிற்கிறது.